புளி போட்டுத் துலக்கிய தண்டு

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் காது சிவக்கும், அடுத்து வாய் திறந்துகொள்ளும். மூளை கடைசி பஸ்ஸில்தான் வந்து இறங்கும். கூலிம் தொழிற்பேட்டையில் இத்தனை வருடம் வேலை பார்த்து என்னைப் பற்றி நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். மற்றபடி வேலையில் நான் கெட்டிக்காரன். இதை நானே சொல்வதற்குக் காரணம், வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் கம்பெனி சின்னது. சூளைகளுக்கும் கொதிகலன்களுக்கும் உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் சென்சர்களைச் செய்கிறோம். சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெள்ளைப் பீங்கான் குழாய், அதற்குள் ஒரு கம்பி, வெளியே ஒரு வயர். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கீழே போட்டால் மட்டும் அதன் விலை எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

கட்டடத்தின் பின்மூலையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு எஃகுத் தொட்டி இருக்கிறது. அதற்குள் ஈயமும் பிஸ்மத்தும் கலந்த உலோகம் எந்நேரமும் உருகிய நிலையில் கிடக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக அதை நடத்துகிறோம். அவர்கள் ஊரில் இந்த உலோகத்தைக் குழாய்களில் ஓடவிட்டு உலைகளின் வெப்பத்தை வெளியே எடுக்கப் போகிறார்கள். நல்ல யோசனைதான். ஒரே சிக்கல், இந்த உலோகம் எஃகைத் தின்னும். தேநீரில் போட்ட சர்க்கரைக்கட்டி மாதிரி, ஆனால் அவசரமில்லாமல், மாதக்கணக்கில். எஃகுக்குள் இருக்கும் நிக்கலை முதலில் உருவிக்கொண்டு, பிறகு மற்றதையும் கரைக்க ஆரம்பிக்கும்.

அதைத் தடுக்கத்தான் ஆக்சிஜன். உருகிய உலோகத்தில் துளி ஆக்சிஜன் கலந்திருந்தால் எஃகின் மேல் மெல்லிய கறுப்புத் தோல் ஒன்று படியும். அந்தத் தோல் இருக்கும்வரை ஈயம் எஃகைத் தொட முடியாது. ஆக்சிஜன் குறைந்தால் தோல் கரைந்துவிடும். கூடினாலோ ஈயமே ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சள் கசடாகத் திரண்டு குழாயை அடைத்துவிடும். என் மாமியார் வீட்டில் நான் பேசுகிற மாதிரிதான் இதுவும். குறைத்துப் பேசினால் தலைக்கனம் என்பார்கள், கூட்டிப் பேசினால் அலட்டல் என்பார்கள். நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கேயே நின்றுகொண்டிருக்க வேண்டும். மாமியார் வீட்டுக்குச் சென்சர் கிடையாது. தொட்டிக்கு உண்டு.

அந்தத் தொட்டிக்குப் பொறுப்பு ஒரு பெண் பொறியாளர். சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னை விட மிகவும் இளையவள், ஆனால் மேலதிகாரி என்பதால் நான் மிஸ் என்று கூப்பிடுவேன், அவள் என்னை அண்ணே என்பாள். நான் டெக்னீஷியன். எனக்குத் துணையாக ஒரு மலாய்க்காரர். நான் அவரை மலாய் முறையில் பாங், அதாவது அண்ணன், என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். தமிழில் அவருக்கு அந்த ஒரு சொல்லும், சாப்பிடுகிற பொருள்களின் பெயர்களும், வேலைக்கு வேண்டிய அரைகுறைப் பேச்சும் தெரியும். நான்காவது ஆள் ஒரு அக்கா. கான்ட்ராக்டில் இருக்கிறார். பொருள்களைக் கழுவி, காயவைத்து, எடைபோட்டு அடுக்குவது அவர் வேலை. அக்கா கைபட்ட பாத்திரத்தில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

ஒருமுறை அது கொஞ்சம் அதிகமாகவே உண்மையாகிவிட்டது.

அன்றைக்கு ஆயுத பூஜை. எங்கள் தொழிற்சாலையில் தமிழர்கள் பாதிக்கு மேல், அதனால் காலையில் அரை மணி நேரம் மெஷினெல்லாம் நிறுத்திப் பூஜை செய்துகொள்ள நிர்வாகம் விடும். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாலை, கம்ப்ரெசருக்குச் சந்தனம், கம்பெனி பஸ்ஸின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். மலாய்க்காரர்களும் சீனர்களும் சுண்டலுக்கு வரிசையில் நிற்பார்கள். பாங் முதல் ஆளாக நிற்பார்.

நான் வாழைப்பழமும் கதம்பமும் வாங்கக் கூலிம் டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கண்ணாடித் தடுப்பைத் தாண்டியதும் கண் கூசியது. தொட்டியிலிருந்து எடுத்து, ஈயமெல்லாம் நீக்கி, சோதனைக்காகத் தாங்கியில் வைத்திருந்த பம்ப்பின் தண்டு பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. என் உயரம் இருக்கும் எஃகுத் தண்டு. மேலிருந்து கீழ்வரை மூன்று இடத்தில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு.

"எப்படி தம்பி?" என்றார் அக்கா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "கரி புடிச்சு கெடந்திச்சு. சாமிக்கு முன்னாடி அப்படியா வைக்கறது? புளியப் போட்டு, பிரஷ்ஷு வெச்சு ஒரு புடி புடிச்சேன். குத்துவெளக்கு தோத்துச்சு பாருங்க."

நான் என்ன செய்தேன்? கை தட்டினேன். சூடம் காட்டினேன். தண்டுக்குப் பக்கத்தில் நின்று, பல் தெரிய ஒரு படம் எடுத்து, எங்கள் பகுதியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே "எங்க ஆளு, எங்க ஷாஃப்ட்டு" என்று எழுதினேன். அக்காவுக்கு மூன்று பூ, எனக்கு ஒரு கட்டை விரல் வந்தது.

அடுத்து பொறியாளரிடமிருந்து போன் வந்தது. அவள் அன்று பினாங்கில் ஒரு கூட்டத்தில் இருந்தாள்.

"அண்ணே, அந்த ஷாஃப்ட்டு மேல இருந்த கறுப்பு எங்க?"

"எந்தக் கறுப்பு மிஸ்?"

"நாலு மாசமா நம்ம வளத்த கறுப்பு."

அப்போதுதான் என் மூளையின் பஸ் வந்து சேர்ந்தது. காது அதற்கு முன்பே சிவந்திருந்தது. தொட்டிக்குள் ஆக்சிஜனை அளந்து அளந்து விட்டு, மாதக்கணக்கில் படிய வைத்த தோல் அது. தீபாவளிக்கு முன் வாடிக்கையாளர் நேரில் வந்து பார்க்கப் போகிற தோல். ஒருவர் காணாமல் போய்விட்டார் என்பதை அவருடைய கல்யாணப் படத்தில் கண்டுபிடித்த மாதிரி இருந்தது எனக்கு.

"மிஸ்," என்றேன், குரலைத் தணித்து, "கூலிம் டவுன்ல ஹார்ட்வேர் கடையில அடுப்புக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டு இருக்கு. பளபளப்பில்லாத டைப். ஒரு டின் வாங்கினா..."

"அந்தப் பெயிண்டு நானூறு டிகிரியில என்ன ஆகும்ணே?"

"வாசம் வரும் மிஸ்."

"வேற?"

"வேற நானும் வருவேன், ஹெச்ஆர் ஆபீசுக்கு."

"கஸ்டமர்கிட்ட நான் உண்மையச் சொல்லப் போறேன்," என்றாள். "நீங்க அதுக்குள்ள எதையும் தொடாதீங்க, எதையும் வாங்காதீங்க. சுண்டல் மட்டும் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. பாங் இரண்டாவது தட்டோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டை என்னிடம் நீட்டினார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம் அதுவாகத்தான் இருக்கும்.

மத்தியானம் பொறியாளர் கூலிமுக்கு வந்து, தண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அக்காவைத் திட்டவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, அந்தக் கறுப்பு எதற்கு என்று விளக்கினாள். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அழுக்குன்னுல்ல நெனச்சேன்."

"அதுதான்க்கா அதோட சட்டை," என்றேன் நான்.

"சட்டையா! அப்போ அதை அம்மணமா நிக்க வெச்சா நான் பொட்டு வெச்சேன்?"

பொறியாளர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அடக்கவில்லை. சிரித்து முடித்ததும்தான் அவள் வாடிக்கையாளர் சொன்ன பதிலைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லையாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, தோல் உரிந்த எஃகு தொட்டிக்குள்ளேயே மறுபடி தோல் வளர்த்துக்கொள்ளுமா என்பது தங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம் என்றாராம். குழாய்க்குள் எங்காவது தோல் உரிந்தால் யாரும் உள்ளே போய்த் தடவிப் பார்க்க முடியாதே. அதனால் அதே தண்டை இறக்குங்கள், ஆக்சிஜனைக் கட்டுப்படுத்திக் காட்டுங்கள், தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். தோல் வந்திருந்தால் வேலை தொடரும். வராவிட்டால் அவர்கள் வேறு நாட்டில் இருக்கும் ஒரு கூடத்துக்கு இதை மாற்றிக்கொள்வார்கள். எங்கள் மூலையை மூடிவிடுவார்கள்.

அக்கா எழுந்து நின்றார். "என் கான்ட்ராக்ட்டு தீபாவளியோட முடியுது. இந்த வேலை இருந்தாத்தான் மறுபடி போடுவாங்க."

அது எனக்கும் தெரியும். மூலை மூடினால் நானும் பாங்கும் வேறு பகுதிக்குப் போவோம், பொறியாளருக்குப் பினாங்கில் வேலை கிடைக்கும். அக்காவுக்கு மட்டும் போக இடம் இல்லை. அவர் வீட்டுக்காரர் முதுகு வலியோடு வீட்டில் இருக்கிறார், மகள் கடைசி வருடப் படிப்பில் இருக்கிறாள்.

"கவலைப்படாதீங்க அக்கா," என்றேன். "நான் இருக்கேன்."

"அதுவும் ஒரு கவலைதான் தம்பி," என்றார் அக்கா.

மறுநாள் தண்டைப் புளிவாசம் போக நன்றாகக் கழுவிக் காயவைத்துத் தொட்டிக்குள் இறக்கினோம். தொட்டியின் மூடிக்குள் இரண்டு வாயுக்கள் போகும். ஒன்றில் கொஞ்சம் ஹைட்ரஜன் இருக்கும், அது ஆக்சிஜனை எடுத்துவிடும். மற்றதில் கொஞ்சம் காற்று இருக்கும், அது ஆக்சிஜனைக் கொடுக்கும். இரண்டுக்கும் ஒவ்வொரு குமிழ். சென்சர் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டு இரண்டையும் திருகி நடு இடத்தில் நிறுத்த வேண்டும்.

இந்த எண்ணில்தான் ஒரு கோணல் இருக்கிறது. ஆக்சிஜன் கூடினால் எண் குறையும், ஆக்சிஜன் குறைந்தால் எண் கூடும். சென்சர் அப்படித்தான். பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் உருகிய உலோகம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் அது வோல்ட்டில் சொல்கிறது. உள்ளே ஆக்சிஜன் கூடக்கூட வெளிக்காற்றோடு இருந்த வித்தியாசம் சுருங்கும், எண்ணும் இறங்கும். புதிதாக வரும் எல்லோருக்கும் இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். கையை மேலே தூக்கிக் கீழே இறக்கி, நாட்டியம் மாதிரி. ஒருவன் கூட மறந்ததில்லை. இந்தப் பெருமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியாளரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. யாரும் குமிழைத் தொடுவதற்கு முன் எதற்குத் தொடுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கை. முதலில் எனக்கு அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பாங்குக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் தொழுகைக்குக் கூப்பிடும் குரலில் திருப்பிச் சொல்வார்.

முதல் வாரம் நன்றாகப் போனது. எண் நாங்கள் சொன்ன இடத்தில் நின்றது. நான் நடையில் கொஞ்சம் நிமிர்ந்தேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சுங்கைப் பட்டாணி தாண்டிச் செம்பனை வரிசைகளைப் பார்த்தபடி, உலோகவியல் பற்றிப் பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கினேன். அவர் சுங்கை லாலாங்கில் இறங்க வேண்டியவர், இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தஞ்சோங் டாவாய்க்குப் போகலாம் என்றாள். தீபாவளிக்கு முன் கருவாடும் நெத்திலியும் வாங்க வேண்டும், உங்களுக்கும் கொஞ்சம் கடல் காற்று வேண்டும், முகம் வெந்த மாதிரி இருக்கிறது என்றாள். தொட்டியை ஞாயிறன்று பாங் பார்த்துக்கொள்வார். சென்சரின் எண்ணைப் போனிலும் பார்க்கலாம். பொறியாளர் அதை எங்கள் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்திருந்தாள். எனக்குக் கொடுத்ததுதான் தவறு.

கருவாட்டுக் கடையில் ஒரு மலாய் மூதாட்டி நெத்திலியை அள்ளித் தராசில் போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி அதில் உடைந்ததைப் பொறுக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போனைப் பார்த்தேன். எண் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அல்ல. படிக்கட்டில் உருளுகிற டின் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

என் காது சிவந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இறங்குவது கெட்டது. ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. நேற்று முளைத்த தோல் கரைகிறது. தண்டு கரைகிறது. அக்கா கரைகிறார்.

பாங்குக்கு அடித்தேன்.

"பாங்! ஆக்சிஜன் போயிருச்சு! ஆக்சிஜன் ஹபிஸ்! காத்துக் குமிழை தொற! புக்கா, புக்கா! இன்னும் தொற!"

மூதாட்டி கையில் நெத்திலியோடு அப்படியே நின்றார். "யா அல்லா. சியாப்பா சாக்கிட்?" என்று என் மனைவியைக் கேட்டார், யாருக்கு உடம்பு சரியில்லை என்று.

"பம்ப்புக்கு, மாக்சிக்," என்றாள் என் மனைவி, நெத்திலியிலிருந்து கண்ணெடுக்காமல்.

நான் போனை இன்னும் காதோடு அழுத்தினேன்.

"பாங், திருப்பிச் சொல்லுங்க! உலாங்! ஆக்சிஜன் குறையுது, காத்துக் குமிழைத் தொறக்கறேன். சொல்லுங்க!"

"தா மாவ் லா, அண்ணே," என்றார் பாங். மாட்டேன் என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏன் மாட்டீங்க?"

"அண்ணே சொல்றது சாலா," என்றார், தப்பு என்று. "நொம்போர் துருன், ஆக்சிஜன் நாயிக். அண்ணே தானே டான்ஸ் ஆடிக் காட்டினீங்க."

எண் இறங்கினால் ஆக்சிஜன் ஏறுகிறது. நான் கடல் பக்கம் திரும்பி நின்றேன். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஏறிப் போய்விடலாம் என்று தோன்றியது. நான் சொன்னபடி பாங் குமிழைத் திறந்திருந்தால் தொட்டி முழுக்க மஞ்சள் கசடு கட்டி, பம்ப் இறுகிப் போயிருக்கும். வாடிக்கையாளர் வந்து பார்ப்பதற்குத் தோல் அல்ல, மஞ்சள் சோறு இருந்திருக்கும்.

"பாங்," என்றேன், நிதானமாக, ஒரு மேலதிகாரியின் குரலில். "ஆக்சிஜன் கூடுது. காத்துக் குமிழை மூடறேன்."

"ஆக்சிஜன் நாயிக். காத்துக் குமிழ் துத்துப்," என்று பாங் உடனே, ராகத்தோடு, திருப்பிச் சொன்னார். மூடுகிற சத்தம் கேட்டது.

பிறகு அவர் போய்ப் பார்த்தார். ஹைட்ரஜன் கலந்த வாயுவின் சிலிண்டர் காலியாகிவிட்டிருந்தது. எடுக்கிற கை ஓய்ந்துவிட்டது, கொடுக்கிற கை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் புதுச் சிலிண்டரை மாட்டினார். என் போனில் எண் நின்றது. தயங்கியது. மெல்ல ஏற ஆரம்பித்தது. மேலே மிதந்த கொஞ்சம் மஞ்சளும் ஹைட்ரஜன் பட்டு மறைந்துகொண்டிருக்கிறது என்று பாங் சொன்னார். நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அது ஐஸ் பெட்டி.

"பம்ப்பு பொழைச்சிருச்சா?" என்றாள் என் மனைவி.

"பொழைச்சிருச்சு."

"பாங்குதானே காப்பாத்துனாரு?"

"ரெண்டு பேரும் சேர்ந்து."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கேட்டேன்," என்றேன். "சொன்னதைக் கேட்கறதும் ஒரு வேலைதான்."

மூதாட்டி ஒரு கைப்பிடி நெத்திலியைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார், நோயாளிக்கு என்று. என் மனைவி மறுக்கவில்லை.

திங்கட்கிழமை பொறியாளரிடம் நடந்ததை நானே சொன்னேன். பாங் சொன்னால் டான்ஸ் விஷயமும் வரும் என்பதால். அவள் கேட்டுவிட்டு, சிலிண்டர் காலியானால் மணி அடிக்கும்படி அன்றே ஒரு சின்ன சுவிட்சை மாட்டச் சொன்னாள். மாட்டினேன். அந்த வேலையில் ஒரு திருகு கூட நான் கோணலாக முடுக்கவில்லை. பதறாதபோது என் கைகள் நல்ல கைகள்.

"அண்ணே," என்றாள் அவள், நான் ஏணியிலிருந்து இறங்கும்போது. "நீங்க பயப்படறதுக்கு ஒரு நேரம் ஒதுக்கிக்கலாம். டீ குடிக்கிற நேரம். மத்த நேரத்துல எண்ணைப் பாருங்க."

"எண்ணைப் பார்த்துத்தானே மிஸ் பயமே வருது."

அதற்கு அடுத்த நாட்களில் எண் நடு இடத்தை விட்டு விலகவில்லை. அக்கா தினமும் காலையில் வந்து தொட்டியின் மூடியைப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளே ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்ப்பார். ஒருநாள், தோல் வந்திருக்குமா என்று கேட்டார். எண் சரியாக இருக்கிறது, அப்படியானால் வந்திருக்க வேண்டும் என்றேன். "வேண்டும்னா?" என்றார். சென்சர் ஆக்சிஜனைத்தான் அளக்கும், தோலை அளக்காது. எஃகு தன் பங்கைச் செய்ததா என்பதை வெளியே எடுத்தால்தான் பார்க்க முடியும்.

வாடிக்கையாளர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். காப்பிக்கு மட்டும் நன்றி சொன்னார். முதலில் எங்கள் எண்களின் வரைபடத்தைத் திரையில் நெடுநேரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளத்தில் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டார். பொறியாளர் சிலிண்டரைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு சீக்கிரம் சரி செய்தீர்கள் என்று கேட்டார். காட்டினாள். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு தண்டை மேலே தூக்கினோம். சங்கிலியை நான் இழுத்தேன். பாங் பிடித்துக்கொண்டார். அக்கா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, கையை மடித்து மார்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

தண்டு வெளியே வந்தது. பளபளவென்று மின்னியது.

என் காது என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. புளி போட்டுத் துலக்கிய அன்றைக்கு எப்படி மின்னியதோ அதே மாதிரி மின்னியது. நான் பாங்கைப் பார்த்தேன். பாங் மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பொறியாளர் மட்டும் அசையாமல், "பொறுங்கண்ணே, அது ஈயம்," என்றாள்.

ஈயம்தான். தண்டின் மேல் ஒட்டிக்கொண்டு வந்த உருகிய உலோகம் அது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரண்டது, உருண்டது, சேம்பிலையில் விழுந்த மழைத்துளி மாதிரி ஒட்டாமல் வழுக்கித் தொட்டிக்குள் சொட்டியது. அது விலக விலக அடியில் கறுப்பு தெரிந்தது. ஒளி இல்லாத, அடுப்பங்கரைக் கறுப்பு. தோல் இல்லாத எஃகாக இருந்தால் ஈயம் இப்படி விலகாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். உலகத்தில் இவ்வளவு அழகில்லாத ஒரு பொருளைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, என் பாஸ்போர்ட் படம் உட்பட.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மினுமினுப்பு விலகவில்லை. கீழே, பம்ப்பின் விசிறியைத் தண்டோடு பூட்டும் எஃகுக் கட்டை பொருந்துகிற பள்ளத்தில், விரல்நகம் அளவு. அங்கே ஈயம் பிடித்துக்கொண்டிருந்தது. பிரஷ்ஷின் நுனி ஆழமாகப் போய்க் கீறிய இடமாக இருக்கலாம், உலோகம் ஓடாமல் தேங்கிய இடமாகவும் இருக்கலாம். வாடிக்கையாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பூதக்கண்ணாடியை எடுத்தார். தண்டு ஆறும்வரை காத்திருந்து, குனிந்து, அந்த நகத்தளவை மட்டும் பார்த்தார். என் உயரத்துக்கு நீண்ட மற்றக் கறுப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.

நிமிர்ந்து பொறியாளரிடம் சொன்னார். தோல் தானாகவே வளர்கிறது, அது போதும். ஆனால் பள்ளத்துக்குள் ஏன் வளரவில்லை? அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சென்சர் வைத்து, அடுத்த வருடம் முழுக்க இங்கேயே ஓட்டலாம். இதே ஆட்களை வைத்து ஓட்டுங்கள், தோல் உரிந்தது எப்படி என்று இவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் உதடு கொஞ்சம் கோணியது. அது சிரிப்பாக இருக்கலாம்.

அக்கா கண்ணாடியைத் தட்டினார். "என்னவாம் தம்பி?" என்று வாயசைத்தார்.

"நீங்க இருக்கீங்க," என்று நானும் வாயசைத்தேன். புரியவில்லை. பாங் கதவைத் திறந்து, "அக்கா காண்ட்ராக் சம்போங்!" என்று தொழிற்சாலைக்கே கேட்கும்படி கத்தினார். தொடரும் என்கிற அந்தச் சொல் அக்காவுக்குப் புரிந்தது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதற்குள் யாரோ கூப்பிட்ட மாதிரி வேகமாகப் பேண்ட்ரி பக்கம் போனார்.

வாடிக்கையாளர் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார். கொடுத்தேன். பிடித்த கையை அவர் குனிந்து பார்த்தார். அது ஆற்றிலிருந்து எடுத்த மாதிரி நனைந்திருந்தது.

"கையுறை," என்றேன் ஆங்கிலத்தில், ரொம்ப நம்பிக்கையோடு. "உள்ளே வியர்க்கும்."

அவர் மேசையைப் பார்த்தார். என் கையுறைகள் அங்கே, காலையில் வைத்த இடத்தில், மடிப்புக் கலையாமல் இருந்தன.